கோயில் மேடையில் கித்தாரின் டிஸ்டார்ஷன் ஒலி கரைந்து போகிறது: எந்தப் பெடலை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது?

சுங்கைசிப்புட்_கித்தார் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகள்) நடைபெறும் திருமண விருந்துகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசிக்கும் இசைக்குழு ஒன்றில் நான் கித்தார் வாசிக்கிறேன். குழுவில் இரண்டு கீபோர்டுகள், பேஸ் கித்தார், தபேலா, ஒக்டாபேட் (மின்னணுத் தாளக்கருவி) ஆகியவை இருக்கின்றன. என்னுடையது யமாஹா பசிஃபிகா 112. கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கரும், நடுவிலும் கழுத்துப் பக்கத்திலும் ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்புகளும் (கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பகுதிகள்) உள்ளன. வீட்டில் பயிற்சிக்கென்று ஆறு அங்குல ஸ்பீக்கர் கொண்ட பத்து வாட் ஆம்ப் ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டாருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர்தான் என்பதால் அதை எப்போதும் தாழ்வாகவே வைத்து வாசிக்கிறேன்.

என் சிக்கல் இதுதான். நண்பரிடம் இரவல் வாங்கிய டிஸ்டார்ஷன் பெடலை (கித்தார் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் பெட்டி) வீட்டில் போட்டு வாசித்தால் ஒலி கனமாகவும் நிறைவாகவும் இருக்கிறது. ஒரு குமிழைக்கூடத் திருப்பாமல் அப்படியே மேடைக்குக் கொண்டுபோனால், கார்டு வாசிக்கும்போது வெறும் இரைச்சலாகக் கேட்கிறது. தனி வாசிப்பு வரும் இடத்திலோ, கீபோர்டும் தபேலாவும் சேர்ந்த மறுகணம், நான் வாசிப்பதே முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியவில்லை என்கிறார்கள். ஒலியைக் கூட்டினால் சீறல்தான் கூடுகிறது. வாசிக்காமல் நிற்கும் நேரத்தில் உறுமல் வேறு.

இரவல் பெடலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருப்பதால் சொந்தமாக ஒன்று வாங்க எண்ணியிருக்கிறேன். அடாப்டரையும் சேர்த்து நானூறு மலேசிய வெள்ளிக்குள் முடிய வேண்டும். பாஸ் நிறுவனத்தின் டிஎஸ்-1, எஸ்டி-1, மெட்டல் ஜோன், அவற்றோடு ஐபனெஸ் டியூப் ஸ்கிரீமர் என நான்கு பெயர்கள் மனத்தில் உள்ளன. கெயின் (ஒலியைப் பெருக்கிக் கரகரப்பாக்கும் அளவு) மிகுந்த பெடலாகப் பார்த்து வாங்கினால் தனி வாசிப்பு முன்னால் வருமா, அல்லது குறை பெடலில் இல்லாமல் வேறெங்காவது இருக்கிறதா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.


ஈப்போ_பழையமேடை பதில்:

தம்பி, வணக்கம். கெயினைக் கூட்டினால் ஒலி முன்னால் வரும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஓர் அளவுக்கு மேல் கெயின் ஏற ஏற, மெல்ல மீட்டிய சுரமும் அழுத்தி மீட்டிய சுரமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். பிக் கம்பியில் படும் அந்த முதல் தெறிப்புதான் கூட்டத்துக்கு நடுவே கித்தார் எங்கே இருக்கிறது என்று காதுக்குக் காட்டிக்கொடுக்கிறது. தபேலாவும் ஒக்டாபேடும் முழுக்க முழுக்கத் தெறிப்பினால் ஆன கருவிகள். அவற்றுக்கு எதிரே, தெறிப்பு மழுங்கிய கித்தார் நீண்டு ஒலிக்கும் கீபோர்டு ஒலியோடு கலந்து பின்னால் போய்விடுகிறது. உங்களுக்கு நேர்வது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது நடு அதிர்வெண்கள், அதாவது மிட். தாழ்ந்த ஒலியில் கேட்கும்போது நம் காதுக்குக் கீழ்ப்பகுதியும் மேல்பகுதியும் குறைவாகவே எட்டும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒட்டுச்சுவர் வீட்டில் தாழ்வாக வாசிக்கிற எவரும் பேஸையும் டிரெபிளையும் ஏற்றி, மிட்டை இறக்கித்தான் வைப்பார்கள். அப்படி வைத்தால்தான் வீட்டில் நிறைவாகக் கேட்கும். மேடையில் ஒலி பெரிதாகும்போது காதின் அந்தக் குறை நீங்கிவிடுகிறது. கீழ்ப்பகுதியைப் பேஸ் கித்தாரும் ஒக்டாபேடின் கிக் ஒலியும் எடுத்துக்கொள்கின்றன, மேல்பகுதியைச் சிம்பல் ஒலிகளும் பாடகரின் குரல் ஓரங்களும் எடுத்துக்கொள்கின்றன. உங்கள் கித்தாரின் ஆறாம் கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. முதல் கம்பியின் 22ஆம் ஃபிரெட்டில் அது ஏறக்குறைய 1,175 ஹெர்ட்ஸில் முடிகிறது. கித்தாருக்கு உரிய இடம் நடுவில் இருக்க, அதையே நீங்கள் பெடலில் வெட்டி எறிந்துவிட்டு மேடை ஏறுகிறீர்கள்.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், இரவல் பெடல் கையில் இருக்கும்போதே ஒரு பயிற்சி நாளில் இப்படிச் சோதித்துப் பாருங்கள். கெயினை முழுவதும் குறைத்துவிட்டு, பெடலை மிதித்தாலும் விட்டாலும் ஒலியளவு மாறாதபடி லெவல் குமிழை நிறுத்துங்கள். பிறகு கெயினைக் கடிகார முள்ளின் ஒன்பது மணி நிலையிலிருந்து சிறிது சிறிதாக ஏற்றுங்கள். கம்பியை மெல்லத் தொட்டால் ஒலி தெளிந்தும், அழுத்தினால் உறைப்பாகவும் வருகிற ஓர் இடம் இருக்கும். பெரும்பாலான பெடல்களில் அது பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் வரும். அங்கே நிறுத்துங்கள். தனியாக வாசிக்கும்போது அது மெலிந்து, சற்று மூக்கடைத்தாற்போலவே கேட்கும். அதனால் மனம் தளர வேண்டாம். கீபோர்டுக்காரர்கள் இருவரையும் பேஸ்காரரையும் உடன் வாசிக்கச் சொல்லி, எல்லோரும் வாசிக்கும் நேரத்தில் மட்டும் குமிழைத் தொடுங்கள். தனியே இருக்கும்போது அதை மாற்றாதீர்கள்.

கார்டுகளைப் பற்றியும் ஒன்று. டிஸ்டார்ஷன் போட்டுக்கொண்டு ஆறு கம்பிகளையும் சேர்த்து மீட்டினால் இரைச்சல்தான் வரும். திரைப்பாடல்களில் வரும் மைனர் ஏழு, மேஜர் ஏழு கார்டுகளைக் கீபோர்டு வாசிக்கட்டும். நீங்கள் ஆதார சுரத்தையும் ஐந்தாம் சுரத்தையும் மட்டும் இரண்டு கம்பிகளில் வாசியுங்கள். முழுக் கார்டு வாசித்தே ஆகவேண்டிய இடத்தில் கித்தாரிலேயே இருக்கும் வால்யூம் குமிழை ஏழுக்கோ ஆறுக்கோ இறக்கினால் பெடலுக்குள் போகும் வலு குறைந்து ஒலி தெளிந்துவிடும். எண்பதுகளில் சர்ச் (Search), விங்ஸ் போன்ற ராக் கபாக் (மலாய் ஹார்ட் ராக்) குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கித்தார் ஒலி கேட்பதற்கு எவ்வளவு கனமாக இருந்தாலும், கார்டு என்று வரும்போது பெரும்பாலும் இரண்டு மூன்று கம்பிகளுக்கு மேல் அங்கே ஒலிப்பதில்லை.

நீங்கள் சொன்ன நான்கில் என் தேர்வு எஸ்டி-1. மிட்டைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும், உறுதியான பெட்டி, பழையதாகவும் நிறையக் கிடைக்கும்.


தைப்பிங்_சோல்டர்மேசை பதில்:

ஈப்போ அண்ணன் கூறியதை நானும் ஏற்கிறேன். பழுது பார்க்கும் மேசையில் இந்தப் பெடல்களைத் திறந்து பார்ப்பவன் என்ற முறையில், பெட்டிக்குள் நடப்பதைச் சற்று விளக்குகிறேன். அது தெரிந்தால் நான்கில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

பிக்கப்பிலிருந்து வரும் மெல்லிய மின்னலையைப் பெடலில் உள்ள ஓப் ஆம்ப் பல மடங்கு பெருக்குகிறது. அப்படிப் பெருகிய அலையை ஏறக்குறைய 0.6 வோல்ட்டுக்கு மேல் போகவிடாமல் சிலிக்கான் டயோடுகள் முகட்டில் வெட்டுகின்றன. வெட்டுப்பட்ட அலையில் முன்பு இல்லாத மேற்சுரங்கள் தோன்றுகின்றன; நாம் டிஸ்டார்ஷன் என்று கேட்பது அவற்றைத்தான். டயோடுகள் எங்கே அமர்ந்திருக்கின்றன என்பதில்தான் பெடலுக்குப் பெடல் வேறுபாடு பிறக்கிறது. 1970களின் இறுதியில் வந்த டியூப் ஸ்கிரீமரிலும், 1981இல் வந்த எஸ்டி-1இலும் டயோடுகள் ஓப் ஆம்பின் பின்னூட்டச் சுற்றுக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் வெட்டின் ஓரம் உருண்டையாக இருக்கும். கித்தாரின் மூல அலையும் ஓரளவு கலந்தே வெளிவரும். அண்ணன் சொன்ன தெறிப்பு இவற்றில் பிழைத்திருப்பதற்கு அதுவே காரணம். வெட்டுவதற்கு முன்பே இவை கீழ்ப்பகுதியைக் குறைத்துவிடுகின்றன. டியூப் ஸ்கிரீமரில் 720 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி மேடாக நிற்கும். எஸ்டி-1இல் அலையின் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயோடுகளும் மறுபக்கத்துக்கு ஒன்றும் இருப்பதால் இரு முகடுகளும் ஒரே அளவில் வெட்டுப்படுவதில்லை. அதன் ஒலியில் தெரியும் சிறு கரகரப்பு அங்கிருந்து வருகிறது.

1978இல் வந்த டிஎஸ்-1இல் டயோடுகள் ஓப் ஆம்புக்குப் பின்னால், சிக்னலிலிருந்து தரைக்கு இணைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே வெட்டு கூர்மையானது. அதோடு, அதன் டோன் குமிழை நடுவில் வைத்தால் 500 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழும். தனியாகக் கேட்க அது இனிமையானது; இரண்டு கீபோர்டுகளுக்கு நடுவே நிற்க அது உதவாது. அதே 1978ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலமசூ நகரிலிருந்து வெளிவந்த புரோகோ ரேட் பெடலும் கூர்மையாக வெட்டுவதுதான் என்றாலும், அதில் அந்தப் பள்ளம் இல்லை. அது எங்காவது பழையதாகக் கிடைத்தால் நீங்கள் கருத்தில் கொள்ளலாம்; ஆனால் அதன் ஃபில்டர் குமிழ் தலைகீழாக வேலை செய்யும், வலப்புறம் திருப்பத் திருப்ப டிரெபிள் குறையும்.

1991இல் வந்த மெட்டல் ஜோனைப் பற்றிப் பலர் குறை சொல்வதுண்டு. அது பெரும்பாலும் அமைப்பவரின் கையில் இருக்கிறது. அதில் ஒரே அச்சில் உள்ளும் புறமுமாக இரண்டு குமிழ்கள் இருக்கும். ஒன்றினால் 200 ஹெர்ட்ஸ் முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை எந்த இடம் என்பதைத் தேர்ந்து, மற்றொன்றினால் அந்த இடத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யலாம். எல்லோரும் அதைத் தாழ்த்தவே பயன்படுத்துகிறார்கள். 800 ஹெர்ட்ஸை ஒட்டி நிறுத்திச் சற்று உயர்த்தி, டிஸ்டார்ஷன் குமிழை ஒன்பது மணிக்குக் கீழே வைத்தால் மேடையில் நன்றாகவே நிற்கும். ஆயினும் இருட்டு மேடையில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே திருத்துவதற்கு மூன்று குமிழ் உள்ள பெடலே வசதியானது.

இரண்டு கம்பியில் வாசியுங்கள் என்று அண்ணன் சொன்னதற்குக் கணக்கும் இருக்கிறது. இரண்டு சுரங்களைச் சேர்த்து வெட்டும்போது, அவற்றின் அதிர்வெண் வேறுபாடும் ஒரு தனிச் சுரமாக உள்ளிருந்து ஒலிக்கும். ஐந்தாம் கம்பியின் ஏ சுரம் 110 ஹெர்ட்ஸ். அதன் ஐந்தாம் சுரமான ஈ 164.8. வேறுபாடு 54.8, அதாவது ஏறக்குறைய அதே ஏயின் கீழ்ஸ்தாயி. ஆகவே கனம் கூடுகிறது. மூன்றாம் சுரமான சி ஷார்ப் 138.6. அதன் வேறுபாடு 28.6. அருகில் உள்ள ஏயோ 27.5. இரண்டும் பொருந்தாமல் கரடுமுரடாக உரசும். ஆறு கம்பிகளிலும் இப்படிப் பல உரசல்கள் ஒரே நேரத்தில் நடக்கும்போது உங்களுக்குக் கேட்கும் இரைச்சல் உண்டாகிறது.

உறுமலுக்கு வருகிறேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும்தான் உறுமலாக ஏறுகின்றன. எங்கிருந்து வருகிறது என்பதை எளிதில் கண்டுபிடிக்கலாம். கித்தாரின் வால்யூமை முழுவதும் இறக்கிய பிறகும் உறுமினால் அடாப்டரையோ பெடலுக்கு அப்பால் உள்ளதையோ பாருங்கள். நீங்கள் நின்ற இடத்திலேயே உடலைத் திருப்பும்போது கூடியும் குறைந்தும் வந்தால் அது சிங்கிள் காயில் பிக்கப். டிஸ்டார்ஷன் போடும்போது ஹம்பக்கருக்கு மாறிக்கொள்ளுங்கள். கம்பியைத் தொட்டதும் நின்றுவிட்டால் கித்தாருக்குள் இருக்கும் கவசம் போதவில்லை என்று பொருள். அடாப்டரைப் பொறுத்தவரை, இந்தப் பெடல்களுக்கு 9 வோல்ட், நடு ஊசி எதிர்மின் வகை வேண்டும். வைஃபை பெட்டிக்கு வந்த அடாப்டர் நுழைகிறது என்பதற்காகச் செருகிவிடக் கூடாது. அவற்றில் பெரும்பாலும் நடு ஊசி நேர்மின்.

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். உறுமலை நிறுத்துவதற்காக மூன்று ஊசிப் பிளக்கின் தரை இணைப்பைத் துண்டிக்கும் வழக்கம் சில மேடைகளில் இருக்கிறது. அதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள், பிறர் செய்ய விடாதீர்கள். கித்தார் கம்பிகள் பிரிட்ஜ் வழியாகத் தரையோடு இணைந்திருப்பவை. மழை பெய்து ஓய்ந்த திடலில், ஜெனரேட்டரில் ஓடும் மேடையில், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது இரண்டின் தரையும் வேறுபட்டால் மின்னோட்டம் உங்கள் உடல் வழியாகத்தான் போகும். தரைச் சுழற்சியால் வரும் உறுமலுக்கு டிஐ பாக்ஸில் (கருவியை மிக்ஸரோடு பொருத்தி இணைக்கும் சிறு பெட்டி) உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் இருக்கிறது.

ஒரு கேள்வி. மேடையில் உங்களுக்கென்று கித்தார் ஆம்ப் வைக்கிறார்களா?


சுங்கைசிப்புட்_கித்தார் பதில்:

இரண்டு அண்ணன்மார்களுக்கும் மனமார்ந்த நன்றி. மேடையில் ஆம்ப் கிடையாது. ஒலிபெருக்கிக்காரர் மிக்ஸரிலிருந்து ஒரு கேபிளை நீட்டுவார். அதைப் பெடலில் செருகிவிடுவேன். எங்கள் பக்கத்துச் சிறு கோயில்களிலும் மண்டபங்களிலும் இதுதான் வழக்கம். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பெடலை அணைத்துவிட்டுச் சாதாரணமாக வாசிக்கும்போது, வீட்டில் இருக்கும் கணகணப்பு இல்லாமல் ஒலி மங்கிப் போகிறது. பெடலைப் போட்டால் சீறல், எடுத்தால் மங்கல் என்று இரண்டும் நேர் எதிராக இருப்பதற்கு என்ன காரணம்?


கோலகங்சார்_ஒலிபெருக்கி பதில்:

வணக்கம் தம்பி. மிக்ஸருக்குப் பின்னால் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் கடைசியாகச் சொன்னதில்தான் முக்கால்வாசிப் பதில் இருக்கிறது. பெடலைத் தேர்ந்தெடுப்பதைவிட அது இப்போது முக்கியமானது. இந்த இடத்தில் மட்டும் முந்தைய இருவரிடமிருந்தும் சற்று வேறுபடுகிறேன்.

கித்தார் ஆம்பில் இருக்கும் ஸ்பீக்கர் சாதாரண ஸ்பீக்கர் அல்ல. 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் அதன் ஒலி செங்குத்தாக இறங்கிவிடும். டிஸ்டார்ஷன் பெடலை வடிவமைத்தவர்கள் எல்லோரும், தங்கள் பெடலுக்குப் பின்னால் அப்படியொரு ஸ்பீக்கர் இருக்கும் என்று எண்ணியே வடிவமைத்தார்கள். எங்கள் ஒலிபெருக்கிப் பெட்டியிலோ மேல்பகுதி ஒலிக்கென்று ஹார்ன் இருக்கிறது. அது 15,000 ஹெர்ட்ஸையும் தாண்டி ஒலிக்கும். பெடல் உண்டாக்கிய மேற்சுரங்களில் கித்தார் ஸ்பீக்கர் விழுங்கியிருக்க வேண்டிய பகுதி முழுவதும் ஹார்ன் வழியாக வண்டு ரீங்காரம்போல வெளியே வருகிறது. அது காதைக் குத்துவதால் மிக்ஸரில் இருப்பவர் உங்கள் சேனலைக் கீழே இறக்குகிறார். அதனால்தான் முன்வரிசைக்கு நீங்கள் கேட்பதில்லை. எந்தப் பெடலை வாங்கி வந்தாலும், நேராக மிக்ஸரில் செருகினால் இதேதான் நடக்கும்.

மங்கலுக்குக் காரணம் வேறு. பிக்கப் தன் ஒலியை முழுமையாகக் கொடுக்க வேண்டுமானால், எதிரே ஒரு மெகா ஓம் அளவுக்கு உயர்ந்த உள்ளீட்டு மின்தடை இருக்க வேண்டும். மிக்ஸரின் லைன் வாயிலில் அது பெரும்பாலும் பத்தாயிரம் ஓம்களை ஒட்டியே இருக்கும். அந்தச் சுமையில் டிரெபிள் செத்துவிடும். பெடல் இயங்கும்போது அதன் மின்சுற்று நடுவில் நின்று சுமையைத் தாங்கிக்கொள்கிறது. உங்கள் இரவல் பெடல் அநேகமாக டுரூ பைபாஸ் வகையாக இருக்கும். அணைத்ததும் கித்தாரை நேராக மிக்ஸரோடு இணைத்துவிடுகிறது. பாஸ் பெடல்களில், அணைந்திருக்கும்போதும் பஃபர் (சுமையைத் தாங்கும் மின்சுற்று) வேலை செய்வதால் இந்த மங்கல் இராது. எஸ்டி-1ஐ நானும் ஆதரிப்பதற்கு அதுவே முதற்காரணம்.

செலவில்லாத வழியை முதலில் சொல்கிறேன். உங்கள் பத்து வாட் ஆம்பை மேடைக்குக் கொண்டுவாருங்கள். நாற்காலியின் மேல் வைத்து, ஸ்பீக்கர் துணிக்கு இரண்டு விரல்கடை தள்ளி, ஸ்பீக்கரின் நடுப்புள்ளிக்கும் ஓரத்துக்கும் இடையே மைக்கை நிறுத்தச் சொல்லுங்கள். ஷுயர் எஸ்எம்57 இருந்தால் சிறப்பு; இல்லையென்றால், பாடகருக்கு வைக்கும் எஸ்எம்58 மைக்கே போதும். மைக்கை நடுப்புள்ளியை நோக்கி நகர்த்தினால் கூர்மை கூடும், ஓரத்துக்கு நகர்த்தினால் குறையும். மிக்ஸரைத் தொடுவதற்கு முன் இந்த விரல்கடை அளவுகளிலேயே பாதி வேலை முடிந்துவிடும். மேடைக்குப் பெரிய ஆம்ப் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒலியைப் பெருக்குவதற்கு எங்கள் பெட்டிகள் இருக்கும்போது உங்கள் ஆம்ப் பெரிதாக இருக்கவேண்டிய தேவையே இல்லை.

ஆம்பைச் சுமக்க முடியாத நிகழ்ச்சிகளுக்கு, ஆம்பையும் ஸ்பீக்கரையும் ஒருசேரப் போலச்செய்யும் பெடல் ஒன்று வேண்டும். நியூயார்க்கின் டெக் 21 நிறுவனம் 1989இல் சான்ஸ்ஆம்ப் என்ற பெயரில் இந்த வகையைக் கொண்டுவந்தது. இன்று ஜோயோ அமெரிக்கன் சவுண்ட் போன்ற விலை குறைந்தவையும் இணையச் சந்தைகளில் கிடைக்கின்றன. கித்தார், எஸ்டி-1, அமெரிக்கன் சவுண்ட், டிஐ பாக்ஸ், மிக்ஸர் என்ற வரிசையில் இணையுங்கள். இரண்டு பெடல்களையும் பழையதாகத் தேடினால் உங்கள் தொகையில் அடங்க வாய்ப்பிருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், அமெரிக்கன் சவுண்டை முதலில் வாங்குங்கள்; தனி வாசிப்புக்கு வேண்டிய டிரைவ் (கரகரப்பு) அதிலேயே ஓரளவு இருக்கிறது. இந்த வரிசையில் இன்னொரு கூடுதல் டிஸ்டார்ஷன் பெடலுக்கு இடமில்லை.

மிக்ஸரில் டிரெபிளைக் குறைத்தால் போதாதா என்று கேட்கலாம். சிறிய அனலாக் மிக்ஸர்களின் டிரெபிள் குமிழ் பெரும்பாலும் 12,000 ஹெர்ட்ஸை மையமாகக் கொண்டது. சீறல் தொடங்கும் 5,000த்தை அது சரியாகத் தொடுவதில்லை. டிஜிட்டல் மிக்ஸர் வைத்திருப்பவர் என்றால், சேனலில் ஹை கட் (மேல்பகுதியை வெட்டும் அமைப்பு) போட்டு 5,000இல் நிறுத்தச் சொல்லுங்கள், ஒரு நொடியில் வேறுபாடு தெரியும்.


கம்பார்_ஃபஸ் பதில்:

டிஸ்டார்ஷனைப் பற்றிப் பேசும்போது, இன்னும் முரட்டுக் கரகரப்புத் தரும் ஃபஸ் பெடல்களை விட்டுவிட்டீர்களே. 1962இல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்டோன்தான் கடைகளில் விற்பனைக்கு வந்த முதல் வகைகளில் ஒன்று. 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸின் ஒலிக்கு நிகராக வேறு எதையும் நான் கேட்டதில்லை. பழைய பாடல்களின் கித்தார் இடைவாசிப்புகளுக்கு அது மிகவும் பொருந்தும். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள ஒன்றை வாங்குமாறு பரிந்துரைக்கிறேன்.


தைப்பிங்_சோல்டர்மேசை பதில்:

ஒலியைப் பற்றிக் கம்பார் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் நம் ஊர் மேடைக்கு ஜெர்மேனியத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வெப்பத்துக்கு ஏற்பத் தன் இயல்பை மாற்றிக்கொள்வது. குளிர்சாதன அறையில் சரிசெய்து வைத்த பெடல், தகரக் கூரையின் கீழ் விளக்கு வெளிச்சத்தில் சூடேறியதும் வேறொரு பெடலாகிவிடும். ஃபஸ் வேண்டுமென்றால் சிலிக்கான் டிரான்சிஸ்டர் உள்ளதை எடுங்கள். ஃபஸ் ஃபேஸ் வகையைப் பஃபருக்குப் பின்னால் வைத்தால் ஒலி கெட்டுவிடும் என்பதால், பாஸ் பெடலுக்கு முன்னால், கித்தாருக்கு அடுத்ததாக அதை வைக்க வேண்டும்.

பழைய பெடல் வாங்கப் போகும் தம்பிக்கு இரண்டு குறிப்புகள். நம் ஈரக் காற்றில் முதலில் கெடுவது ஜாக்கும் குமிழும்தான். வாங்கும் இடத்திலேயே கித்தாரைச் செருகி ஒவ்வொரு குமிழையும் கோடியிலிருந்து கோடிவரை திருப்புங்கள். கரகரவென்றால் காண்டாக்ட் கிளீனரால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஓர் இடத்தில் ஒலி அறுந்துபோனால் குமிழையே மாற்ற வேண்டியிருக்கும். பேட்டரி அறையைத் திறந்து, முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பிறகு, பேட்டரியில் ஓட்டினால், வாசித்து முடித்ததும் உள்வாயில் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பெடலை அணைத்தாலும் கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.


சுங்கைசிப்புட்_கித்தார் பதில்:

அண்ணன்மார்களே, குழுவின் பயிற்சியில் நீங்கள் சொன்னபடி சோதித்துப் பார்த்தேன். கெயினைப் பத்து மணிக்கு இறக்கி, மிட்டை ஏற்றி, என் ஆம்புக்கு முன்னால் பாடகரின் மைக்கை வைத்தோம். கீபோர்டு வாசிப்பவர் தாமாகவே திரும்பிப் பார்த்து, இப்போதுதான் நீ வாசிப்பது எனக்குக் கேட்கிறது என்றார். உறுமல் சிங்கிள் காயிலிலிருந்துதான் வந்திருக்கிறது. ஹம்பக்கருக்கு மாற்றியதும் அடங்கிவிட்டது. பெடலை அணைத்து ஆம்பில் வாசிக்கும்போது மங்கலும் இல்லை. ஆகவே எஸ்டி-1ஐயும் அடாப்டரையும் இப்போது வாங்கிக்கொண்டு, அமெரிக்கன் சவுண்டைப் பழையதாகத் தேடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் தெளியவில்லை. பாட்டுக்குப் பின்னணியாகக் கார்டு வாசிக்கும்போதும் தனி வாசிப்பின்போதும் ஒரே அமைப்பு போதுமா? தனி வாசிப்பின்போது எவ்வளவு உயர்த்த வேண்டும்?


கோலகங்சார்_ஒலிபெருக்கி பதில்:

நல்ல செய்தி தம்பி. தனி வாசிப்புக்குக் கெயினைத் தொடாதீர்கள். லெவல் குமிழை மட்டும் பயன்படுத்துங்கள். பின்னணிக் கார்டுகளை ஆம்பின் சொந்த ஒலியிலேயே, பெடல் இல்லாமல், சற்று உறைப்பாக வைத்து வாசியுங்கள். எஸ்டி-1ஐத் தனி வாசிப்புக்கு மட்டும் மிதியுங்கள். மிதித்தால் மூன்று அல்லது நான்கு டெசிபெல் உயரும்படி லெவலை வைத்தால் போதும். அதைத் தாண்டினால், மிக்ஸரில் இருப்பவர் திடுக்கிட்டு உங்கள் சேனலை இறக்குவார், தனி வாசிப்பு முடிந்ததும் திரும்ப ஏற்ற மறந்துவிடுவார். ஆம்ப் ஏற்கனவே முழு உறைப்பில் இருந்தால், பெடல் எவ்வளவு தள்ளினாலும் ஒலி உயராமல் கெயின்தான் கூடும் என்பதால், ஆம்பின் கெயினைப் பாதிக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிச் சோதனையின்போது, சுத்தமான ஒலியில் மட்டும் வாசித்துக் காட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். பெடலை மிதித்து, நிகழ்ச்சியில் வாசிக்கப்போகும் தனி வாசிப்பிலேயே ஓர் ஆவர்த்தனம் குழுவோடு சேர்ந்து வாசியுங்கள். இதுதான் என் உச்ச ஒலி, இதற்கு மேல் போகமாட்டேன் என்று மிக்ஸர்காரரிடம் நேரில் சொல்லுங்கள். மேடை மானிட்டர் பெட்டிக்கு நேர் எதிரே கித்தாரோடு நிற்காமல் ஓரடி பக்கவாட்டில் நில்லுங்கள். பெடல் போட்டிருக்கும்போது பிக்கப் அந்த ஒலியைத் திரும்ப வாங்கி ஊளையிடத் தொடங்கும். கேபிளைச் செருகுவதற்கும் கழற்றுவதற்கும் முன்னால் மிக்ஸர்காரருக்குக் கையைக் காட்டி, சேனலை அடைக்கச் சொல்லிவிடுங்கள், ஹார்ன் பிழைக்கும்.